ஒரு பாட்டில் கடல் நீர்: என் ஆய்வக மேசையிலிருந்து ஒரு விமர்சனம்

அரை லிட்டர் கடல் நீரைப் பற்றி விமர்சனம் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடலின் கார்பன் வேதியியலையும் அதில் மிதந்து வாழும் சின்ன உயிர்களான பிளாங்க்டனையும் சேர்த்துப் பார்க்கும் வேலை என்னுடையது. டைட்ரேட்டர் (அமிலம் சொட்டி அளக்கும் கருவி), மைக்ரோஸ்கோப், பம்பு என்று மேசை நிறையக் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் எது இல்லாவிட்டாலும் ஒருவழியாகச் சமாளித்துவிடுவேன். இந்த பாட்டில் இல்லையென்றால் எனக்குக் கை ஓடாது.

இதன் முழுப் பெயர் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள் (Certified Reference Material). ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘சி.ஆர்.எம். ஒண்ணு எடு’ என்பதோடு சரி. அமெரிக்காவில் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் ஆண்ட்ரூ டிக்சனின் ஆய்வகம் இதை உருவாக்கி, 1990களிலிருந்து உலகம் முழுக்க அனுப்பிவந்திருக்கிறது. உள்ளே இருப்பது நிஜக் கடல் நீர்தான். அதை வடிகட்டி, புற ஊதாக் கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கி, எந்த உயிரும் தலைதூக்காதபடி மெர்குரிக் குளோரைடு சேர்த்துக் கனமான கண்ணாடி பாட்டிலில் அடைக்கிறார்கள். மூடியும் கண்ணாடிதான். கிரீஸ் தடவி இறுக்கியிருப்பார்கள்.

நாம் காசு கொடுப்பது நீருக்கு இல்லை, அதனுடன் வரும் இரண்டு எண்களுக்கு. ஒன்று, கரைந்திருக்கும் மொத்தக் கனிமக் கார்பன். மற்றது, காரத்தன்மை, அதாவது நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கிச் சமன்செய்யும் என்ற அளவு. ஒரு கிலோ நீரில் இத்தனை மைக்ரோமோல் (மூலக்கூறுகளை எண்ணும் மோல் என்ற அலகில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று, பாட்டில் மேல் இருக்கும் பேட்ச் எண்ணை வைத்துத் தேடி எடுத்துக்கொள்ளலாம். இந்த நீரை நம் கருவியில் அளந்து அதே எண்கள் வந்தால் கருவி சரி. கார்பனை அளப்பதற்கு அமிலம் சேர்த்து, வெற்றிடத்தில் வாயு முழுவதையும் பிரித்தெடுத்து, தெரிந்த கொள்ளளவுள்ள கலனில் அதன் அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். மெதுவான, பொறுமையைச் சோதிக்கும் முறை. நமக்காக அந்தப் பொறுமையை அவர்கள் காட்டிவிடுகிறார்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தொழில்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிட மேற்பரப்பு நீரின் பிஎச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) சுமார் 0.1 குறைந்திருக்கிறது. கேட்கச் சின்னதாக இருந்தாலும், பிஎச் மடக்கை அளவு என்பதால் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டன என்று அர்த்தம். ஆனால் வருடத்துக்கு வருடம் பார்த்தால் மாற்றம் கண்ணில் படாது. மேற்பரப்பு நீரில் கரைந்த கார்பன் கிலோவுக்கு 2000 மைக்ரோமோல் அளவில் இருக்கும். அது ஏறுவது வருடத்துக்கு ஏறத்தாழ 1 மைக்ரோமோல். என் கருவி 5 மைக்ரோமோல் பிசகினால் ஐந்து வருட மாற்றம் அப்படியே காணாமல் போய்விடும், அல்லது நடக்காத மாற்றம் நடந்தது போலத் தெரியும். ஹவாய்க்கு அருகிலும் பெர்முடாவுக்கு அருகிலும் 1988 முதல் தொடர்ந்து அளந்துவருகிறார்கள். இந்த மாதிரி நீண்ட வரிசைகளில் ஒரு கை அளந்ததையும் பல வருடம் கழித்து இன்னொரு கை அளந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறதென்றால், நடுவில் இப்படி ஒரு பொது அளவுகோல் இருப்பதால்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் வளர்ப்பது எமிலியானியா ஹக்ஸ்லியி என்னும் ஒற்றைச் செல் பாசி. ஐந்து மைக்ரான் அளவு இருக்கும். உடம்பைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளை அடுக்கிக்கொள்ளும். குடுவையில் நன்றாக வளர்ந்துவிட்டால் நீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி லேசாக வெளுக்கும். ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் குறுக்கு முனைவாக்கிகளுக்கு (ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த ஒளி வடிப்பான்களுக்கு) நடுவில் வைத்தால், இருட்டில் அந்தத் தகடுகள் மட்டும் பொடிப்பொடியாக மின்னும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

ஒரு மோல் சுண்ணாம்பு உருவானால் நீரின் கார்பன் ஒரு மோல் குறையும், காரத்தன்மை இரண்டு மோல் குறையும். ஆகவே காரத்தன்மை எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, பாசி தின்ற நைட்ரேட்டுக்கான சிறு திருத்தத்தைப் போட்டு, இரண்டால் வகுத்தால் எவ்வளவு சுண்ணாம்பு கட்டியது என்று கிடைத்துவிடும்.

ஒரு சோதனையில், எட்டு நாள் கழித்துத் திருத்தமெல்லாம் போட்டுப் பார்த்தபோது காரத்தன்மை 20 மைக்ரோமோல் இறங்கியிருந்தது. பாதி, அதாவது 10 மைக்ரோமோல் சுண்ணாம்பு. நல்ல விளைச்சல் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் பாசியே போடாமல் வைத்திருந்த குடுவையிலும் 6 இறங்கியிருந்தது. உயிரே இல்லாத நீரில் எப்படி இறங்கும்? சுவரில் சுண்ணாம்பு தானாகப் படிந்ததோ என்று ஒரு நாள் முழுக்கக் குடுவைகளைத் தடவித் தடவிப் பார்த்தேன். அப்புறம்தான் புது சி.ஆர்.எம். பாட்டிலைத் திறந்து ஓட்டினேன். அதிலும் சான்றிதழ் மதிப்பைவிட 6 குறைவு! ஆக, குடுவைகளில் குறையில்லை, அளவில்தான் குறை. டைட்ரேட்டரின் அமில பாட்டில் மூடி சரியாக இறுகாமல் நீர் கொஞ்சம் ஆவியாகி, அமிலம் சற்று அடர்ந்துவிட்டிருந்தது. அடர்ந்த அமிலம் குறைவாகத்தான் செலவாகும். நானோ பழைய அடர்த்தியை வைத்தே கணக்குப் போட்டேன். உண்மையான இறக்கம் 14, சுண்ணாம்பு 7. அந்த பாட்டில் இல்லாமல் இருந்திருந்தால், தளர்ந்த ஒரு மூடியின் வேலையில் ஒரு பகுதியைப் பாசியின் பேரில் எழுதியிருப்பேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அளவைத் தொடங்கும்போது ஒரு முறை, முடிக்கும்போது ஒரு முறை சி.ஆர்.எம்.மையோ அதோடு ஒப்பிட்டு வைத்த நீரையோ ஓட்டாமல் நான் எழுந்ததில்லை.

இதனால் முடியாததையும் சொல்ல வேண்டும். திறந்த பாட்டிலைக் கார்பன் அளக்க வைத்துக்கொள்ளக் கூடாது. மூடியை எடுத்த நிமிடத்திலிருந்தே காற்றுடன் கார்பன் டை ஆக்சைடு போக்குவரத்து ஆரம்பித்துவிடும். முதலில் கார்பன், பிறகுதான் காரத்தன்மை என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். வாயு உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் காரத்தன்மை மாறாது, நீர் ஆவியாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிஎச்சுக்கு இதில் சான்று கிடையாது. இரண்டு எண்களிலிருந்து கணக்கிட்டு ஒத்துப்பார்க்கலாம், அவ்வளவுதான். கழிமுகத்து நீர் அளப்பவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். இது திறந்த கடலின் உவர்ப்பை ஒட்டிய நீர். உப்பு குறைந்த நீரில் உங்கள் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்று இது சொல்லாது. அப்புறம், உள்ளே பாதரசம் இருக்கிறது. சிங்க்கில் கொட்டவே கூடாது, கழிவுக் கேனில் தனியாகச் சேர்க்க வேண்டும். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கையுறை இல்லாமல் பாட்டிலைத் தொடவே விடமாட்டேன்.

எனக்குள்ள பெரிய கவலை, இந்தத் துறையே பெரும்பாலும் ஓர் இடத்தை நம்பி நின்றது. 2020இல் பெருந்தொற்று வந்து அந்த வேலை தடைபட்டதும் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. சொந்தமாக ஒரு பெரிய கேனில் கடல் நீரை வடிகட்டி, மெர்குரிக் குளோரைடு போட்டு, கையிலிருந்த சி.ஆர்.எம். பாட்டில்களோடு ஒப்பிட்டு அளந்து, அன்றாட வேலைக்கு அதை வைத்துக்கொள்ளப் பழகினேன். இப்போதும் அப்படித்தான். தினசரிக்கு நானே தயாரித்த நீர், வாரத்துக்கு ஒரு முறையும் சந்தேகம் வரும் நாளிலும் சான்று நீர்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: ஒரு சோதனைக்கு வேண்டிய பாட்டில்களை ஒரே பேட்சில் கேட்டு வாங்குங்கள். பயன்படுத்தும் முன் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, மெதுவாக இரண்டு முறை கவிழ்த்துக் கலக்குங்கள். மூடியைத் திருகி எடுத்ததும் கழுத்தில் ஒட்டியிருக்கும் கிரீஸைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் குழாயை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அது குழாய்க்குள் ஏறி அடுத்த அளவையும் கெடுக்கும்.

காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். அதைப் போல வாயு கசியாத பாட்டில் தனியாகக் கிடைப்பது அரிது. கழுவிய நீரையும் பாதரசக் கேனில் ஊற்றிவிட்டு, காயவைத்து, அடுத்த கப்பல் பயணத்துக்கு மாதிரி எடுக்க எடுத்து வையுங்கள். என் அலமாரியில் பழைய பேட்ச் எண்கள் பாதி உரிந்த நிலையில் நாற்பது பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன.