பாஸ்வேர்டு மேனேஜர்: மறைத்துப் பகிர்ந்தால் மறைந்துவிடுமா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர், தம் அலுவலகத்துக்குப் பாஸ்வேர்டு மேனேஜர் (கடவுச்சொற்களைப் பூட்டி வைத்து, வேண்டியவருடன் பகிர உதவும் மென்பொருள்) வாங்கலாமா என்று அண்மையில் கேட்டார். எங்கள் நிறுவனத்தில் சில ஆண்டுகளாக அத்தகைய சேவை ஒன்றுக்குச் சந்தா கட்டி வருகிறோம். பூட்டும் முறை, கைபேசிச் செயலி ஆகியவற்றில் எனக்குக் குறை இல்லை.

என் மனத்தாங்கல் ஒரே ஒரு வசதியைப் பற்றியது. கடவுச்சொல்லைக் காட்டாமலேயே ஊழியருடன் பகிரலாம் என்று விற்க வந்தவர் உறுதியாகச் சொன்னார். ஊழியரின் திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிகின்றன என்பது உண்மைதான். ஆனால், எங்களிடம் ஆடை வாங்கும் நிறுவனமான பையரின் போர்ட்டலுக்குள் நுழைய வேண்டுமானால் அந்தக் கடவுச்சொல் ஊழியருடைய பிரவுசருக்கு வந்துதான் ஆக வேண்டும். பிரவுசரிலேயே உள்ள டெவலப்பர் டூல்ஸ் என்ற, பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் கருவியைத் திறந்து, கடவுச்சொல் கட்டத்தின் வகையைச் சாதாரண எழுத்துக் கட்டமாக மாற்றினால், புள்ளிகள் அத்தனையும் எழுத்துகளாகத் தெரிந்துவிடும். இது திருத்தக்கூடிய பிழையன்று, இந்தத் தொழில்நுட்பம் இயங்கும் விதமே இதுதான். அப்படியிருக்க, அதைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்றதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் நிறுவனம் மாறுவது எங்கள் ஊரில் இயல்பு. அதில் அவர்கள் மேல் குற்றமில்லை. ஆயினும் நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, தையல் கூலி அனைத்தையும் கூட்டி எஃப்ஓபி விலை (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) போட்ட காஸ்டிங் ஷீட்டும், லேப் டிப் (சாயமிட்ட மாதிரித் துணி) பலமுறை நிராகரிக்கப்பட்ட பின் பையர் ஏற்றுக்கொண்ட நிறத்தின் சாயக் கலவை ரெசிபியும் அந்தக் கடவுச்சொற்கள் வழியே போட்டியாளரிடம் போய்ச் சேர்ந்தால், அடுத்த ஆர்டரில் சில சென்ட் குறைத்து விலை சொல்ல அவருக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. ஆகவே ஒருவர் விலகும் நாளில் அவரைக் குழுவிலிருந்து நீக்குவது மட்டும் போதாது. அவர் கை பட்ட ஒவ்வொரு கடவுச்சொல்லையும் அந்தந்தத் தளத்துக்கே சென்று மாற்ற வேண்டும். அந்த வேலையில் பாதி நாள் போய்விடுகிறது. வேலை மிகுந்த ஷிப்மெண்ட் வாரத்தில் யாரும் அதைச் செய்ய முன்வருவதில்லை.

கிளவுடில் வைப்பது ஆபத்தில்லையா என்றும் நண்பர் கேட்டார். 2022இல் இத்தகைய சேவை தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் கடவுச்சொல் பெட்டகங்களின் நகல்களே திருடப்பட்டன. அத்தகைய நிலையில் நம்மைக் காப்பது பெட்டகத்தைத் திறக்கும் நீளமான முதன்மைக் கடவுச்சொல் ஒன்றே என்பதால், அதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

எதிர்பாராத மகிழ்ச்சியும் ஒன்று உண்டு: யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்ற நிகழ்வுப் பதிவேடு. இந்தியாவில் வணிக இரகசியங்களுக்கெனத் தனிச்சட்டம் இன்னும் இல்லை; 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தனது 289ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 39ஆவது பிரிவோ, இரகசியத்தைக் காக்க உரியவர் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்கிறது. நாளை வழக்கென்று வந்தால், ஊழியருடனான ஒப்பந்தத்தில் வாங்கிய கையெழுத்தோடு இந்தப் பதிவேட்டையும் முன்வைக்கலாம். வாட்ஸ்அப்பில் கடவுச்சொல் அனுப்பிய காலத்தில் எங்களிடம் காட்ட எதுவுமே இருந்திருக்காது.

இந்த ஆண்டும் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். நண்பரிடமோ, ஒருவர் விலகும் அன்றே கடவுச்சொற்களையெல்லாம் மாற்றுவதற்கென்று அலுவலகத்தில் ஓர் ஆளை நியமிக்காதவரை வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.