அத்தி மணம்: எண்ணெயில் ஒன்று, ஸ்ப்ரேயில் இன்னொன்று

"தேங்காய்ப்பால் வாசம் அடிக்குதே, என்னடி இது?" அம்மா என் இடது மணிக்கட்டை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். வலது மணிக்கட்டை நீட்டினேன். கொஞ்சம் யோசித்தாள். "இது ஏதோ செடி. தக்காளிச் செடியைத் தொட்டா கையில ஒட்டிக்குமே, அந்த மாதிரி."

இரண்டு கையிலும் இருந்தது ஒரே அத்தி மணம். ஒரே கடை, ஒரே பெயர். இடது கையில் பூசியது ரோல்-ஆன் எண்ணெய், வலது கையில் அடித்தது ஸ்ப்ரே. இரண்டையும் போட்டுக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஒன்று சமையலறைக்கும் மற்றொன்று தோட்டத்துக்கும் போய்விட்டது. அத்தி மணம் வாங்க நினைப்பவர்கள் எந்தப் பிராண்ட் என்று யோசிப்பதற்கு முன்னால், எண்ணெயா ஸ்ப்ரேயா என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. மற்ற மணங்களில் இந்த வித்தியாசம் சிறிது. அத்தியில் மணத்தின் குணமே மாறுகிறது.

ஏன் என்று புரிய, குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது பழத்தைக் காய்ச்சி வடித்த எண்ணெய் அல்ல. இலையிலிருந்து எடுக்கும் செறிவான சாறு ஒன்று உண்டு. அதை வாசனைப் பொருள்களில் சேர்க்கக் கூடாது என்று இஃப்ரா எனப்படும் சர்வதேச நறுமணச் சங்கத்தின் விதி தடுக்கிறது. அத்தி இலையிலும் பாலிலும் சோராலென், பெர்காப்டென் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும். இதை நான் அனுபவித்திருக்கிறேன். மொட்டை மாடியில் தொட்டியில் ஒரு சீமை அத்தி வைத்திருக்கிறேன். ஒரு ஏப்ரல் மாதம் கையுறை போடாமல் கிளை கழித்தேன். காம்பைக் கிள்ளிய இடத்திலெல்லாம் பால் சொட்டி முழங்கையில் வழிந்தது. துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். மறுநாள் சிவந்து எரிந்தது. அப்புறம் வழிந்த தடத்திலேயே கறுத்து, மறைய இரண்டு மாதம் ஆனது.

(இங்கே நான் அத்தி என்பது ஃபைகஸ் கேரிகா என்ற சீமை அத்தியை. நம்மூர் ஆற்றங்கரைகளில் அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அத்தி வேறு மரம். இரண்டுக்கும் பூ காய்க்கு உள்ளேயே இருக்கிறது. 'அத்தி பூத்தாற்போல' என்கிறோமே, அது இந்த இரண்டு மரத்துக்கும் பொருந்தும்.)

ஆக, கடையில் கிடைக்கும் அத்தி மணம் எல்லாமே கட்டி எழுப்பியது. அதில் மூன்று இழைகள் உண்டு. முதல் இழை இலை. புல் வெட்டிய வாசம் தரும் சிஸ்-3-ஹெக்ஸெனால், அதோடு ஜிவோடான் நிறுவனம் செய்யும் ஸ்டெமோன் என்ற மணப் பொருள். கசங்கிய அத்தி இலை, தக்காளி இலை இரண்டையும் ஒரே நேரத்தில் நினைவூட்டுவது இந்த ஸ்டெமோன்தான். அம்மா தக்காளிச் செடி என்று சொன்னது எவ்வளவு சரி பாருங்கள். இரண்டாவது இழை பால். பாலையும் தேங்காயையும் நினைவூட்டும் லாக்டோன் என்ற வகைப் பொருள்கள், காமா-ஆக்டலாக்டோன், காமா-நோனலாக்டோன் போன்றவை. மூன்றாவது கட்டை, பெரும்பாலும் சிடார்.

சிக்கல் இரண்டாவது இழையில் இருக்கிறது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயின் வாசத்துக்கும் லாக்டோன்களே காரணம். அங்கே இருப்பவை டெல்டா-ஆக்டலாக்டோன், டெல்டா-டெகலாக்டோன். அத்தி மணத்தில் போடுபவற்றுக்கு நெருங்கிய உறவுக்காரர்கள். தலையில் எண்ணெய் வைத்து வளர்ந்த நம் மூக்குக்கு இந்த உறவு உடனே தெரிந்துவிடுகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் வளர்ந்த ஒருவருக்கு அந்தப் பால் வாசம் கோடையையும் அத்தி மரத்து நிழலையும் காட்டலாம். நமக்கு அது தேங்காய் பர்பி. அதை மறுபடி அத்தியாக்குவது மேலே ஓடும் அந்தப் பச்சை இழை ஒன்றுதான். அது அறுந்தால் அத்தி இல்லை. அதனால் நான் இரண்டையும் ஒப்பிட்டபோது முக்கியமாகக் கவனித்தது ஒன்றைத்தான்: பச்சை எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது?

ஒரு வாரம் தினமும் காலை குளித்ததும், சோப்பு வாசம் போகும்வரை காத்திருந்து, இரண்டு கையிலும் போட்டுப் பார்த்தேன். என் தோல் வறண்ட தோல். ஊர் சென்னை, ஜூன் மாதம்.

ஸ்ப்ரே அடித்த முதல் அரை நிமிடம் ஸ்பிரிட் நெடிதான், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அது பறந்ததும் பச்சை ஒரேயடியாக எழும்பும். கசப்பு, கொஞ்சம் புளிப்பு, காம்பை ஒடித்த ஈரம். மாடியில் இருக்கும் என் செடியை நினைத்தால் கண்ணில் தெரியும் அளவுக்குத் துல்லியம். இருபது நிமிடம் வரை இந்த வேகம் நிற்கிறது. அப்புறம் பால் மெல்ல உள்ளே வருகிறது. அந்தச் சந்திப்புதான் ஸ்ப்ரேயின் உச்சம். இலையும் பாலும் சம அளவில் இருக்கும் ஒரு பத்து நிமிடம். முக்கால் மணி நேரத்தில் பச்சை இளைத்துவிடும். இரண்டு மணி நேரத்தில் சிடார் கட்டையும் லேசான இனிப்பும் மிஞ்சும். நான்காவது மணி நேரத்தில் மூக்கைத் தோலில் ஒட்ட வைத்தால்தான் தெரியும்.

எண்ணெய் இப்படி நடந்துகொள்ளவில்லை. உருளையை உருட்டிய உடனே வருவது கொழுப்பான, அடங்கிய ஒரு பால் வாசம். பச்சை இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. முதல் நாள் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, காசு வீண் என்றே நினைத்தேன். இரண்டாம் நாள் வேலையில் மூழ்கி, மறந்துபோய், ஒரு மணி நேரம் கழித்துக் கன்னத்தில் கை வைத்தபோது இலை வாசம் வந்தது. மெலிதாக, ஆனால் சந்தேகமில்லாமல். மூன்றாம் நாள் கடிகாரம் பார்த்து உட்கார்ந்தேன். ஐம்பது நிமிடத்துக்குப் பிறகு, எண்ணெய் தோலில் ஊறி அந்தப் பிசுக்கு குறைந்ததும் பச்சை தலை காட்டுகிறது. அதிலிருந்து இரண்டரை மணி நேரம் வரை பாலுக்கு அடியில் ஒரு நூல்போல ஓடுகிறது. ஸ்ப்ரேயில் இலை முன்னால் ஓடிப் பாலுக்கு வழிவிட்டுப் போகிறது. எண்ணெயில் பால் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது, இலை தயங்கித் தயங்கி வருகிறது. ஏழாவது மணி நேரத்தில்கூட முழங்கை மடிப்பில் பாலும் கட்டையும் தெளிவாக இருந்தன.

இதற்குக் காரணம் சாதாரணமானது. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும் பொருள். தோலின் சூட்டிலேயே விருட்டென்று பறந்து, மணப் பொருள்களை ஒரு மெல்லிய படலமாகக் காற்றுக்கு முன் விட்டுவிட்டுப் போகிறது. எளிதில் ஆவியாகும் பச்சை முதலில் கிளம்பும், முதலில் தீரும். எண்ணெய் பறப்பதில்லை. மணப் பொருள்கள் அதில் கரைந்தபடியே இருப்பதால், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வர முடியும். பச்சைக்கு அந்த எழுச்சி கிடைப்பதில்லை, ஆனால் அது சீக்கிரம் தீர்ந்தும் போவதில்லை.

எந்த எண்ணெயில் கலந்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பல ரோல்-ஆன்களில் இருப்பது உறையும் பகுதியை நீக்கிப் பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெய். அது உறையாது, அதற்கென்று வாசமும் இல்லை. பாதாம் எண்ணெயோ ஹோஹோபாவோ இருந்தாலும் சரி. சுத்திகரிக்காத செக்கு எண்ணெயில் கலந்த அத்தியை மட்டும் தொடாதீர்கள். இருக்கிற தேங்காய் போதாதென்று இன்னும் தேங்காய் சேர்ந்தால் இலை எழுந்திருக்கவே முடியாது.

இங்கே இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. அத்தி என்ற பெயரிலேயே உலர்ந்த அத்திப்பழ மணமும் விற்கிறார்கள். தேன், வெனிலா, கொஞ்சம் பேரீச்சை. ஒரு கடையில் பெயரை மட்டும் பார்த்து 6 மில்லி வாங்கிவிட்டேன். தோலில் போட்டதிலிருந்து போகும்வரை ஜாம், மாற்றமே இல்லை. இனிப்பு பிடித்தவர்களுக்கு அது குறையாகத் தெரியாது. இலைக்காக அத்தியைத் தேடுபவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. லேபிளில் இலை, பச்சை, சிடார் என்று இருந்தால் ஒரு வகை. தேன், வெனிலா, கேரமல் என்று இருந்தால் மற்றது.

இந்த மணத்தை முதன்முதலில் கட்டியவரின் வேலையைத் தெரிந்துகொண்டால் ஒப்பிடுவது எளிது. 1994-ல் ஒலிவியா ஜியாகோபெட்டி, லார்ட்டிசான் பர்ஃப்யூமர் என்ற பிரெஞ்சு வாசனை நிறுவனத்துக்காக 'ப்ரிமியே ஃபிகியே' செய்தார். முதல் அத்தி மரம் என்று பொருள். இரண்டு வருடம் கழித்து, 1996-ல், அதே கை டிப்டீக் என்ற இன்னொரு நிறுவனத்துக்காக 'ஃபிலோசிகோஸ்' செய்தது. கிரேக்கத்தில் அத்தியின் தோழன். ஒரே ஆள் ஒரே மரத்தை இரண்டு முறை வரைந்திருக்கிறார். முதலாவதில் பாலும் பழமும் கூடுதல், ஓரம் மழுங்கிய மென்மை. இரண்டாவதில் கட்டையும் இலையும் கூர்மையாக, உலர்ந்த வெயிலில் நிற்கும் மரம்போல. எனக்கு இரண்டாவதுதான். அதிலும் ஓ த துவாலெட் எனப்படும் செறிவு குறைந்த வடிவம். பின்னால் வந்த, செறிவு கூடிய ஓ த பர்ஃப்யூமில் பாலும் கட்டையும் கனத்து, பச்சை உள்வாங்கியிருக்கிறது. என் எண்ணெயின் முதல் மணி நேரத்துக்கு அது பக்கத்தில் இருக்கிறது. 2003-ல் ஹெர்மேஸுக்காக ஜான்-க்ளோத் எலேனா செய்த 'அன் ஜார்தான் ஆன் மெடித்தெரானே' இன்னொரு திசை. துனிசியத் தோட்டம் ஒன்றை மனதில் வைத்துச் செய்தது. அத்தி இலையோடு எலுமிச்சை வகைப் பழங்களின் வெளிச்சம் சேர்ந்து, பால் ரொம்பவே குறைந்து போகிறது. தேங்காய் வாசமே ஆகாது என்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

சரி, எண்ணெய் எங்கே ஜெயிக்கிறது? ஏசி போட்ட, ஜன்னல் திறக்காத அறையில். பஸ்ஸில், லிஃப்டில், பக்கத்து நாற்காலியில் தும்மல்காரர் ஒருவர் இருக்கும் ஆபீஸில். ஸ்ப்ரேயின் முதல் இருபது நிமிடப் பச்சை அவர்களுக்கு நெடியாகப் படும். எண்ணெய் கை தூரத்தைத் தாண்டுவதில்லை. வறண்ட தோலில் ஆல்கஹால் இழுப்பது பிடிக்காதவர்களுக்கும் எண்ணெய்தான் இதம். நாள் முழுக்க நமக்கு மட்டும் தெரியும்படி ஒரு மணம் கூடவே வருவதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. குனிந்து எழுதும்போது, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகும்போது, திடீரென்று ஒரு வீச்சு வரும்.

ஆனால் அத்தி மணத்தை முதன்முதலில் முகரப் போகிறீர்கள் என்றால் எண்ணெயிலிருந்து தொடங்காதீர்கள் என்பேன். இலையை அதன் முழு உயரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால்தான், எண்ணெயில் அது நூலாக வரும்போது அடையாளம் தெரியும். பார்க்காமல் போனால் அம்மாவைப் போலத் தேங்காய்ப்பால் என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். எண்ணெயைக் கடையில் சோதிப்பவர்கள் குப்பியின் வாயில் மோந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கையில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து காசு கொடுங்கள்.

இப்போது நான் செய்வது இது. முழங்கை மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் எண்ணெய், ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். ஸ்ப்ரேயைத் தோலில் அடிக்காமல் பருத்தித் துப்பட்டாவின் ஓரத்தில் ஒரே ஒரு முறை. துணியில் தோலின் சூடு இல்லாததால் பச்சை அங்கே மெதுவாகத்தான் தீர்கிறது. மதியம் வரைக்கும்கூட இருக்கிறது. கீழே பால், மேலே இலை. எண்ணெய் துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டில் விழுந்தால் கறை போகாது. நேற்றுப் போட்ட துப்பட்டாவை இன்று காலை மடிக்க எடுத்தபோது கட்டை வாசத்துக்கு நடுவில் இன்னும் கொஞ்சம் இலை மிச்சம் இருந்தது.