புளூகில் பிடிக்க மண்புழுவா, ஜிக்கா?

அமெரிக்கக் குளங்களில் தூண்டில் பழகுபவர்களுக்கு முதலில் மாட்டுவது பெரும்பாலும் புளூகில் என்ற சிறு நன்னீர் மீன்தான். இதற்கு மண்புழு நல்லதா, ஜிக் (தலையில் எடை உள்ள தூண்டில் முள்) நல்லதா என்றால் நான் ஜிக் பக்கம். மண்புழுவில் தொடங்கி அதற்கு மாறியவன்.

முதலில் மீனைச் சரியாகப் பாருங்கள். புளூகில்லின் செவுள் மூடி முனை முழுக்கக் கறுப்பு. முதுகுத் துடுப்பின் பின்பக்கம், அடியில் ஒரு கரும்புள்ளி இருக்கும். செவுள் மூடி ஓரத்தில் சிவப்போ ஆரஞ்சோ தெரிந்தால் அது புளூகில்லின் உறவு மீன்களான பம்கின்சீட் அல்லது ரெட்இயர். கன்னத்தில் நீலக் கோடுகள் நெளிந்தால் பம்கின்சீட்.

மண்புழு மலிவு, எங்கும் கிடைக்கும், மீனும் யோசிக்காமல் கடிக்கும். இதில் சண்டையே இல்லை. சிக்கல் கடித்த பிறகுதான். புளூகில்லின் வாய் சிறியது. தக்கை அமிழ்ந்ததைக் கவனித்து நாம் இழுப்பதற்குள் புழுவோடு தூண்டில் முள்ளையும் தொண்டை வரை விழுங்கிவிடும். அதைத் தோண்டி எடுக்கப் போனால் செவுள் கிழிந்து ரத்தம் வரும். தண்ணீரில் விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அப்படி விழுங்கிவிட்டால் முள்ளைப் பிடுங்காமல் தூண்டில் நரம்பை வாயருகே வெட்டி விடுவதே நல்லது.

ஜிக் என்பது ஈயத் தலை வைத்த முள். 1/32 அவுன்ஸ், அதாவது ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவான எடை போதும். தக்கைக்குக் கீழே கட்டி, மெல்ல இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். நரம்பு பெரும்பாலும் விறைப்பாகவே இருப்பதால் கடித்தது உடனே கைக்குத் தெரியும். முள் பெரும்பாலும் உதட்டிலேயே மாட்டும். ஈரக் கையால் முதுகு முள்ளை முன்னிருந்து பின்னாகப் படியவைத்துப் பிடித்தால், குறடு இல்லாமலே கழற்றிவிடலாம்.

மே, ஜூனில் இப்படிச் சீக்கிரம் கழற்றுவது இன்னும் முக்கியம். அப்போது ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில் வட்டக் குழி பறித்து முட்டைகளைக் காவல் காக்கும். அதைச் சீக்கிரம் திருப்பி விடாவிட்டால் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும்.

ரெட்இயர் வேண்டுமென்றால் மட்டும் மண்புழுதான். நத்தை தின்னும் மீன் என்பதால் தரையோடு போட வேண்டும். உறைந்த ஏரியில் துளையிட்டுப் பிடிப்பதில் எனக்கு அனுபவம் குறைவு, அங்கே என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னப் பிள்ளைகளோடு போனால் மண்புழுவே போடுங்கள். ஆனால் முள் நுனியில் பின்னோக்கி நீட்டும் சிறு கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டு, முள் மறையும் அளவுக்குச் சின்னத் துண்டாக மாட்டிக் கொடுங்கள்.