லோட்டஸ் எலான் எஸ்2 (1965): பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், ஃபைலைப் பாருங்கள்

லோட்டஸின் சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்தான் எலான். என்னுடையது எனக்கு முன் நான்கு பேரிடம் இருந்திருக்கிறது. வாங்கும்போது காரோடு பில், போட்டோ எல்லாம் சேர்த்துவைத்த தடிமனான ஒரு ஃபைலும் வந்தது. இத்தனை வருடம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், கொடுத்த காசில் பாதி அந்த ஃபைலுக்குத்தான்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் முழுதாகப் பூட்டிய காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் கிடையாது. 1973இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்து அந்தச் சலுகை முடியும்வரை நிறைய எலான்கள் கிட்டாகவே விற்றன. என்னுடையதும் அப்படிப் போனதுதான். முதல் உரிமையாளர் வயரிங்கைத் தன் கையால் வரைந்து நிறம் எழுதிவைத்த தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது. பாடி ஃபைபர் கிளாஸ் என்பதால் அதில் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) கிடைக்காது. ஒவ்வொரு பல்புக்கும் தனி எர்த் வயர் போக வேண்டும். இன்டிகேட்டர் மங்கினால் நான் முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான்.

பாடி துருப்பிடிக்காது, அடியில் இருக்கும் ஸ்டீல் சட்டமான சேஸிஸ் பிடிக்கும். அதிலும் முன்பக்கக் குறுக்குச் சட்டம். மேலெழும் ஹெட்லைட்டைத் தூக்கிப் பிடிக்கும் வேக்குவத்தை (காற்று உறிஞ்சிய வெற்றிடம்) வைத்திருக்கும் டேங்கே அந்தச் சட்டம்தான். அங்கே ஓட்டை விழுந்தால் வேக்குவம் நிற்காது, விளக்கு மேலே நிற்காமல் தூங்கி வழியும். ஹோஸ் கசிந்தாலும் இதேதான் நடக்கும், அதனால் எது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். என் காரை ரெஸ்டோர் செய்தவர் பழைய சேஸிஸைக் கழற்றிவிட்டு கால்வனைஸ் செய்த (துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய) புதியதைப் போட்டிருக்கிறார். ‘அப்போ இது ஒரிஜினல் இல்லையே’ என்பார்கள். இருக்கட்டும். பழையதன் போட்டோ, புதியதன் பில், நம்பர் எல்லாம் ஃபைலில் இருக்கின்றன. மாற்றியதை மறைத்து விற்பவரிடம்தான் எனக்குச் சண்டை.

ஓட்ட எப்படி? 1558 சிசி ட்வின் கேம் (இரண்டு கேம் ஷாஃப்ட்) எஞ்சின், சுமார் 105 குதிரைத்திறன், 700 கிலோவுக்கும் குறைந்த எடை. காகிதத்தில் பெரிதாகத் தெரியாது. வளைவில் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் திருப்பிப் பாருங்கள், ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்கூடக் கைக்குத் தெரியும். 1989இல் மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வந்தபோது எல்லோரும் இந்தக் காரை நினைத்ததில் ஆச்சரியமே இல்லை.

பின் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட்களில் பக்கத்துக்கு இரண்டாக ரப்பர் டோனட் கப்ளிங் (வளைய வடிவ இணைப்பு). கிளட்சை விடும்போது அவை முறுக்கிக்கொண்டு, கார் கொஞ்சம் குதித்துத்தான் கிளம்பும். பலர் உலோகத்தாலான சிவி ஜாயின்டுக்கு மாறிவிட்டார்கள். நான் ரப்பரையே வைத்திருக்கிறேன். சர்வீஸுக்கு ஏற்றும்போதெல்லாம் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது மட்டும் தவறாது.

அப்புறம் வாட்டர் பம்ப். எஞ்சின் முன்னால் இருக்கும் டைமிங் கவருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மாற்ற வேண்டுமானால் எஞ்சினின் மேல்பக்க ஹெட்டையும் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பையும் கழற்ற வேண்டும், அதனால் பலர் எஞ்சினையே இறக்கிவிடுவார்கள். ஃபேன் பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போகும். பெல்ட்டில் கொஞ்சம் தொய்வு இருப்பதுதான் சரி. நல்லெண்ணத்தில் இறுக்கித் தருகிறேன் என்று வரும் மெக்கானிக்கை பானெட் பக்கம் விடாதீர்கள்.

உயரமானவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கால் வைக்கும் இடம் குறுகல்; அகலமான ஷூ போட்டால் பிரேக்கோடு ஆக்சிலரேட்டரும் சேர்ந்து மிதிபடும்.