முதல் முறை பறக்க: காற்றுச் சுரங்கமா, டாண்டமா?

முதலிலேயே என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காற்றுச் சுரங்கத்துக்குள், அதாவது கீழிருந்து வீசும் காற்றில் ஆளை மிதக்கவிடும் குழாய்க்குள், மூன்று தடவை போயிருக்கிறேன். விமானத்தில் இருந்து குதித்தது ஒரே ஒரு தடவை. அதுவும் பயிற்றுநர் ஒருவரின் மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டு, டாண்டமாக. அதனால் சுரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் தைரியமாகவும், டாண்டத்தைப் பற்றிக் கொஞ்சம் அடக்கியும்தான் என்னால் பேச முடியும். மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கவும் போவதில்லை. காற்றில் படுத்து மிதப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை என்றால், முதலில் சுரங்கத்துக்குப் போங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். சுரங்கத்துக்கு ஆகும் செலவு குறைவு, டாண்டத்துக்குப் பல மடங்கு. சுரங்கத்தில் சின்னக் குழந்தைகளைக்கூடப் பறக்கவிடும் இடங்கள் உண்டு. டாண்டத்துக்குப் பல இடங்களில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எடைக்கு இரண்டிலுமே ஓர் உச்சவரம்பு இருக்கும், பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உயரம் என்றாலே கால் நடுங்குகிறவருக்குச் சுரங்கத்தில் அந்தத் தொல்லை கிடையாது. முதல் நாளில் மிதக்கப்போவது காலடியில் இருக்கும் வலையில் இருந்து இடுப்பு உயரத்துக்குத்தான்.

சுரங்கம் என்றதும் மலையைக் குடைந்த வழியை நினைத்துக்கொள்ள வேண்டாம். செங்குத்தாக நிற்கும் பெரிய குழாய், பறக்கும் இடத்தில் மட்டும் சுற்றிலும் கண்ணாடி, காலடியில் கம்பி வலை, அவ்வளவுதான். மேலே இருக்கும் விசிறிகள் காற்றை உறிஞ்சி, பக்கவாட்டுக் குழாய்கள் வழியாகக் கீழே இறக்கி, வலைக்கு அடியில் திருப்பி மறுபடி மேலே அனுப்புகின்றன. வலைக்குக் கீழே குழாய் குறுகுவதால் அங்கே காற்றின் வேகம் அதிகம். மேலே போகப் போகக் குழாய் விரியும், வேகமும் தணியும். ஆள் ராக்கெட் மாதிரி கூரையில் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான்.

பொழுதுபோக்குப் பூங்காவின் ராட்டினம் போல இதுவும் ஒன்று என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1964-இல் அமெரிக்காவின் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் ஜாக் டிஃபனி என்பவர் செங்குத்துக் காற்றுச் சுரங்கம் ஒன்றில் மிதந்து காட்டியதில் இருந்து இதன் கதை தொடங்குகிறது. 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் உலகமே இதைப் பார்த்தது. 2015-இல் பிராக் நகரில் உலக சாம்பியன்ஷிப்பே நடந்துவிட்டது. போட்டியாளர்கள் தலைகீழாக நின்று சுழல்கிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுப் போங்கள். சுரங்கத்தில் நீங்கள் பறக்கப்போகும் ஒரு நிமிடத்தைப் பற்றி அடக்கம் தானாக வந்துவிடும்.

'ஆனால் அது நிஜமாக விழுவது இல்லையே' என்பது அடுத்த கேள்வி. வயிறு கீழே பார்க்க விழுகிற ஆள் பத்துப் பன்னிரண்டு வினாடிகளில் மணிக்கு ஏறக்குறைய 190 முதல் 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவார். அதற்கு மேல் வேகம் கூடாது, எடையும் காற்றின் எதிர்ப்பும் சரிக்குச் சரியாகிவிடும். சுரங்கத்தில் ஆள் நிற்க, காற்று ஓடுகிறது. புதியவர்களுக்குத் தொளதொளவென்று ஒரு சூட் போட்டுவிடுவதால் அந்த வேகத்தைவிடக் குறைவான காற்றே போதும். வெளியே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவரவர் உடம்புக்கு ஏற்றபடி காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார். காற்றின் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் தூக்கும் விசை இருபது சதவீதத்துக்கு மேல் கூடும், அதனால் அவர் கை லேசாக அசைந்தாலே உள்ளே இருப்பவருக்குத் தெரியும். உங்கள் மார்பையும் தொடையையும் பொறுத்தவரை இதுவும் அதுவும் ஒரே காற்றுதான். கண்ணுக்குத்தான் வேறு.

சரி, இனி நேரக் கணக்கு. சுமார் 13,000 அடியில் குதித்து 5,000 அடி வாக்கில் பாராசூட் திறந்தால், டாண்டத்தில் தடையின்றி விழுவது ஐம்பது வினாடி சொச்சம். சுரங்கத்தில் முதல் முறை வருபவருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரு நிமிடம் வீதம் இரண்டு தடவை. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நான் சுரங்கத்தின் பக்கம் சாய்வதற்குக் காரணமே அந்த 'இரண்டு தடவை'தான்.

முதல் தடவை எனக்கு எப்படிப் போனது என்று சொல்கிறேன். வாசல் ஓரத்தில் நின்று, கைகளை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கி, மரம் சாய்வது போல முன்னால் சாய வேண்டும். குதிக்கக் கூடாது என்று வகுப்பில் இரண்டு தடவை சொன்னார்கள். நான் குதித்தேன். காற்று ஒரு முழங்காலை மட்டும் தூக்கிவிட, அரைச் சுற்றுச் சுழன்று கண்ணாடியில் தோளை இடித்துக்கொண்டேன். பயிற்றுநர் சூட்டின் முதுகில் தைத்திருந்த பிடியைப் பற்றி என்னை நேராக்கினார். மூச்சு விடுகிறோமா என்ற நினைவே இல்லை. வாயைத் திறந்தபோது எச்சில் கன்னத்தின் மேல் ஊர்ந்து ஹெல்மெட்டுக்குள் போனது. அந்த இரைச்சலில் பேச முடியாது, காதில் வேறு அடைப்பான். அதனால் எல்லாமே விரல் மொழிதான். அவர் என் முகத்துக்கு முன்னால் இரண்டு விரல்களை நீட்டிக் காட்டினார். கால்களை நீட்டு என்று அர்த்தம், வகுப்பில் படித்ததுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பதிலுக்கு அவருக்கு வெற்றிச் சின்னம் காட்டினேன். ஒரு கையை எடுத்ததுதான் தாமதம், உடம்பு அந்தப் பக்கமாகச் சரிந்து வலையில் போய் விழுந்தது.

ஒரு நிமிடம் முடிந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது, 'இவ்வளவுதானா' என்றுதான் இருந்தது. பக்கத்தில் இருந்த தங்கை என் காதருகே வந்து, "அண்ணா, நீ தரையவே பாத்துட்டிருந்த, அதான் தலை கீழ போச்சு" என்று கத்தினாள். அடுத்தடுத்துப் பறந்தவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கே விளங்கியது. குனிந்து பார்த்தவர்கள் எல்லோரும் தலைப்பக்கம் இறங்கினார்கள். விறைத்துக்கொண்டவர்கள் குலுங்கினார்கள். ஒரு சிறுமி மட்டும் முகவாயைத் தூக்கி, தொப்புளைக் கீழே தள்ளி, கைகால்களைத் தளர்த்திப் போட்டு, தட்டில் வைத்த மாதிரி மிதந்தாள்.

இரண்டாவது தடவை சாய்ந்தபோது நான் நினைவில் வைத்திருந்தது மூன்றே விஷயம்: எதிரே கண்ணாடியில் ஒரு புள்ளியைப் பார்ப்பது, இடுப்பை முன்னால் தள்ளுவது, வாயால் மூச்சை வெளியே விடுவது. சில வினாடிகள் ஆடினேன். அப்புறம் பயிற்றுநரின் இரண்டு கைகளும் என் கண் முன்னால் இருப்பதைக் கவனித்தேன். அப்படியென்றால் என்னை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இருபது வினாடி இருக்கலாம், ஏன் பதினைந்தே இருக்கலாம். ஒரு உள்ளங்கையை லேசாகச் சாய்த்தபோது எதிரே இருந்த பெஞ்ச் மெதுவாக நகர ஆரம்பித்தது. பெஞ்சா நகரும்? நான்தான் திரும்பிக்கொண்டிருந்தேன்.

டாண்டத்தில் இதற்கு வழியே இல்லை. அங்கே திரும்புவது, நிலைப்படுத்துவது, பாராசூட்டைத் திறப்பது எல்லாம் பின்னால் இருப்பவரின் வேலை. இரண்டு பேரின் எடைக்கு வேகம் மிஞ்சிவிடாமல் இருக்க, ட்ரோக் என்கிற சின்னப் பாராசூட் ஒன்றைக் குதித்த கொஞ்ச நேரத்திலேயே அவர் விட்டுவிடுவார். அதன் பிறகு நாம் கையைக் காலை எப்படி வைத்தாலும் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. மாறக் கூடாது என்பதுதான் அதன் பாதுகாப்பே. தரையிறங்கியதும், "நான் எதில் தப்புப் பண்ணினேன் சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வாழைப்பழம் மாதிரி வளையச் சொன்னேன், நீங்க நாற்காலி மாதிரி உட்கார்ந்துட்டீங்க" என்றார். நல்ல திருத்தம்தான், ஆனால் அதைச் செய்து பார்க்க மறுபடி விமானம் ஏற வேண்டும். குதித்த முதல் பத்து வினாடி திகைப்பிலேயே போனது. மிச்சத்தில் பாதி அவர் மணிக்கட்டில் இருந்த கேமராவைப் பார்த்து இளிப்பதில் போனது.

தனியாகக் குதிக்கக் கற்பவர்கள்கூட இந்தக் காரணத்துக்காகத்தான் சுரங்கத்துக்கு வருகிறார்கள். ஒரு குதிப்புக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று வைத்தால், சுரங்கத்தில் பத்து நிமிடம் பறப்பது பத்துக் குதிப்புகளில் கிடைக்கும் விழும் நேரத்துக்கு மேல். அதுவும் ஒரே நாளில், பக்கத்திலேயே ஒருவர் திருத்திக்கொண்டிருக்க.

டாண்டத்துக்கு என்று சிலது உண்டு, அவற்றைச் சுரங்கம் தரவே முடியாது. விமானத்தின் கதவு திறந்ததும் உள்ளே அடித்த குளிர் காற்று. கதவு விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த அந்த இரண்டு மூன்று வினாடி. எனக்கு அதிகமாகப் பிடித்தது விழுந்தது அல்ல, பாராசூட் திறந்த பிறகு சட்டென்று வந்த அமைதி. அதுவரை காதைக் கிழித்த காற்று நின்று, பின்னால் இருந்தவர் சாதாரணக் குரலில் பேச, நாலைந்து நிமிடம் கீழே வயல்களின் மேல் மேகத்தின் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். நான் பயந்தபடி அடிவயிறு கலங்கவும் இல்லை. விமானம் ஏற்கெனவே வேகமாக முன்னால் போய்க்கொண்டிருப்பதால், ராட்சத ராட்டினத்தில் வருகிற அந்தத் திடீர்ப் பள்ளம் இதில் பெரிதாகத் தெரிவதில்லை. ஒரே ஒரு குதிப்பை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். தொடையில் பட்டை இறுக்கியதும், சுழன்று இறங்கியபோது லேசாகக் குமட்டியதும் உண்மை.

டாண்டத்துக்கு இன்னொரு விலையும் உண்டு: காத்திருப்பு. நான் முதலில் பதிவு செய்திருந்த நாளில் காலை முதல் மதியம் வரை பட்டையை மாட்டிக்கொண்டு மேகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு, இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யார் மேலும் குற்றம் இல்லை. மேகம் தாழ்ந்தாலோ காற்று வலுத்தாலோ குதிக்கவிடாமல் இருப்பதுதான் நல்ல இடத்துக்கு அடையாளம். ஆனால் ஒரு நாள் விடுப்பு போனது போனதுதான். சுரங்கத்தில் வெளியே மழை கொட்டினாலும் சொன்ன நேரத்துக்குப் பறந்துவிடலாம்.

விசிறியைக் கீழே வைத்து, மேலே வானம் தெரியத் திறந்திருக்கும் சுரங்கங்களும் உண்டு. அப்படி ஒன்றில் ஒரு தடவை பறந்தேன். காற்று அலை அலையாக வந்து உடம்பை உதைத்தது, நிலைக்கவே முடியவில்லை. கற்றுக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் மூடிய, காற்றைச் சுற்றிவிடுகிற வகையே மேல் என்பது என் எண்ணம்.

சுரங்கத்துக்குப் பதிவு செய்யும்போது இரண்டு நிமிடத்தையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாம், பிரித்தே எடுங்கள். முக்கால் நிமிடத்திலேயே தோளும் கழுத்தும் சோர்ந்துவிடும், பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்க்கும் நேரமும் பாடம்தான். தோள் மூட்டு ஒரு தடவையாவது விலகியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கைகளை விரித்தபடி காற்றுக்குக் கொடுப்பதால் மறுபடி விலக வாய்ப்பு உண்டு. பல இடங்களில் அப்படிப்பட்டவர்களை உள்ளே விடுவதே இல்லை. கர்ப்பிணிகளுக்கும் அனுமதி கிடையாது. ஷூ லேஸை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். சட்டைப் பையில் சில்லறையை விட்டுவிட்டு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பி எல்லாவற்றையும் காலி செய்யச் சொன்னதைப் பார்த்தேன். வீடியோவுக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். டாண்டம் வீடியோவை நான் உறவினர்களுக்குக் காட்டியதோடு சரி. சுரங்க வீடியோவை மட்டும் அடுத்த தடவை போவதற்கு முன்னால் திரும்பத் திரும்பப் பார்த்தேன், என் கால் எங்கே மடங்குகிறது என்று தெரிந்துகொள்ள.

மூன்றாவது தடவை சுரங்கத்துக்குப் போனபோது தங்கை என்னைவிட மேலே, பயிற்றுநரின் தலைக்கு மேல் போய் வந்தாள். எனக்கு இடது பக்கம் திரும்ப வந்துவிட்டது. வலது பக்கம் இன்னும் வரவில்லை.