சோர்ஸ் ஃபிலிம்மேக்கரில் பத்து ஆண்டுகள்: ஓர் உதட்டசைவுப் புராணம்

2014-ல் சோர்ஸ் ஃபிலிம்மேக்கர் என்ற அனிமேஷன் மென்பொருளை முதன்முதலாகக் கணினியில் நிறுவினேன். அதன் பிறகு கணினியை இரண்டு முறை மாற்றிவிட்டேன், மென்பொருளை மாற்றவில்லை. முடித்த குறும்படங்கள் ஆறு. பாதியில் கிடப்பவற்றின் கணக்கைக் கேட்காதீர்கள்.

வீடியோ விளையாட்டை இயக்கும் மென்பொருளான இன்ஜினுக்குள்ளேயே படம் எடுக்கும் இந்தக் கலைக்கு மெஷினிமா என்று பெயர். 1996-ல் குவேக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் ஆட்டக்காரர்கள் சிலர் எடுத்த, இரண்டு நிமிடம்கூட ஓடாத 'டைரி ஆஃப் எ கேம்பர்' படத்தைத்தான் பலரும் இதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அதில் குரல் கிடையாது. வசனம் திரையில் எழுத்தாக வரும். குவேக் பதிவு செய்யும் ஃபைலுக்குள் படம் இருக்காது. யார் எங்கே நின்றார், எப்போது சுட்டார் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். இன்ஜின் அதைப் படித்து ஆட்டத்தை மறுபடி நடத்திக் காட்டும். ஆடி முடித்த பிறகு கேமராவை வேறோர் இடத்தில் வைத்துப் பார்க்க அதனால்தான் வழி பிறந்தது. படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் ஷாட்டை மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

சோர்ஸ் ஃபிலிம்மேக்கர் அதே யோசனையின் முதிர்ந்த வடிவம். வால்வ் நிறுவனம் டீம் ஃபோர்ட்ரெஸ் 2 என்ற தன் விளையாட்டின் பாத்திரங்களை அறிமுகப்படுத்தத் தனக்காக உருவாக்கி வைத்திருந்த கருவியை 2012-ல் இலவசமாகவே வெளியிட்டது. நான் இன்றுவரை இதை விடாததற்கு முதல் காரணம், விளையாடியே நடிக்கலாம் என்பது. அந்த விளையாட்டின் பைரோ பாத்திரமாக ஒருமுறை ஓடுகிறேன், அது பதிவாகிறது. அடுத்து அதே காட்சிக்குள் ஹெவி என்ற இன்னொரு பாத்திரமாக நுழைகிறேன். முன்பு பதிவான பைரோ என் எதிரே ஓடிவருகிறான். இப்படி அடுக்கிக்கொண்டே போனால் ஒரே ஆள் ஒரு கும்பலையே நடித்துவிடலாம். கை நடுங்கி மவுஸ் தடுமாறியதும் சேர்ந்தே பதிவாகும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு கீஃபிரேமாக, அதாவது அசைவின் நிலையைக் குறித்துவைக்கும் ஒவ்வொரு புள்ளியாக, தேட வேண்டியதில்லை. டைம்லைனில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதன் இரு ஓரங்களையும் மெல்லக் கரையவிட்டு, நடுவில் மட்டும் அசைவை மாற்றலாம். மாவில் விரலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். இந்த ஒரு வசதிக்கு ஈடான சுகம் பிறகு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

என் முதல் படத்தின் நாயகன் பைரோ. அவன் முகத்தில் வாயு முகமூடி இருக்கிறது. உதட்டை அசைக்க வேண்டியதில்லை. இது நான் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. 2003-ல் ஹேலோ விளையாட்டுக்குள் எடுக்கத் தொடங்கிய 'ரெட் வெர்சஸ் ப்ளூ' தொடரில் அத்தனை பேரும் தலைக்கவசம் அணிந்தவர்கள். பேசுகிறவரின் தலை லேசாக ஆடும், அவ்வளவுதான். அந்த விளையாட்டில் துப்பாக்கி எப்போதும் நீட்டியபடியே இருக்கும். கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு பார்வையை அடியோடு தரைக்குத் தாழ்த்தினால் மட்டும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பாத்திரம் ஆயுதத்தை இறக்கிவிட்டு நேராகப் பார்ப்பதுபோல் தெரியும். அந்தப் பிழையை வைத்தே அவர்கள் உரையாடல் காட்சிகளை எடுத்தார்கள். ஹேலோ 2-ல் ஆயுதத்தைத் தாழ்த்தவே தனி வசதி வந்துவிட்டது.

இரண்டாவது படத்தில் முகமூடியைக் கழற்றினேன். வந்தது வினை. ஒலியிலிருந்து உதட்டசைவைக் கணிக்கும் வசதி ஆங்கிலப் பேச்சுக்கானது. தமிழ் வசனத்துக்குக் கையால்தான் செய்ய வேண்டும். எழுத்துக்கு எழுத்து வாயை அசைத்ததில் பாத்திரம் சுண்டல் மெல்வதுபோல் ஆகிவிட்டது. கண்ணாடி முன் உட்கார்ந்து நானே பேசிப் பார்த்தபோதுதான் புரிந்தது: ழ, ள, ல மூன்றும் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. நாம் அவ்வளவு பெருமை பேசும் ழகரம் பார்வையாளருக்குத் தெரியவே தெரியாது! தெரிவது ப-வும் ம-வும்; உதடு மூடியே தீர வேண்டும். ஆ-வுக்குத் தாடை இறங்க வேண்டும். ஓ-வுக்குக் குவிய வேண்டும். இந்த நான்கைந்தைச் சரியான ஃபிரேமில் வைத்துவிட்டால் மற்றதைக் காது பார்த்துக்கொள்ளும்.

உகரத்தில் மட்டும் ஓராண்டு ஏமாந்தேன். எழுத்தில் உ வரும் இடமெல்லாம் உதட்டைக் குவித்துவைத்தேன். பாத்திரம் வாக்கியத்துக்கு நான்கு முறை சீழ்க்கை அடித்தது. 'கூத்து' என்று சொல்லிப் பாருங்கள். கூ-வுக்குக் குவியும் உதடு து-வுக்குக் குவிவதில்லை. பள்ளியில் குற்றியலுகரத்தை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அது ஒரு ஹெவியின் வாயைச் சரிசெய்ய உதவும் என்று தமிழாசிரியர் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கவனித்திருப்பேன்.

மற்ற பாடங்கள் சுருக்கமாக. இது 32-பிட் மென்பொருள். கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. ஆகவே படம் முழுவதையும் ஒரே ஃபைலில் வைக்காதீர்கள். காட்சிக்கு ஒன்றாகப் பிரித்து, பிறகு எடிட்டிங்கில் சேருங்கள். இன்ஜின் உடனுக்குடன் காட்டும் என்பது வேலை செய்யும்போது மட்டும்தான். படத்தை முழுத் தரத்தில் வரைந்தெடுக்கும் இறுதி ரெண்டரில் நிழலும் மங்கலும் மிருதுவாக வர ஒவ்வொரு ஃபிரேமையும் பல முறை வரைந்து சேர்க்கும். என் கணினியில் ஃபிரேமுக்குப் பத்து நொடி. மூன்று நிமிடப் படம் என்றால், நொடிக்கு 24 வீதம், 4,320 ஃபிரேம், பன்னிரண்டு மணி நேரம். முதல் முறை நேரடியாக வீடியோ ஃபைலாகவே ஏற்றுமதி செய்தேன். பதினோராவது மணி நேரத்தில் மின்சாரம் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் படமாகத்தான். நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

அரங்கமும் அளந்து கொடுத்ததுதான். டீம் ஃபோர்ட்ரெஸ் மேப்கள், அதாவது ஆட்டம் நடக்கும் களங்கள், என்றால் பாலைவனமும் மரக்கொட்டகையும். அவற்றின் வெளிச்சத்தில் பெரும்பகுதி மேப்பிலேயே பதிந்து வருகிறது. பகலை இரவாக்குவது லேசில் நடக்காது. ஒரு டீக்கடைக் காட்சிக்காக பாய்லரையும் கண்ணாடி கிளாஸ்களையும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்யவே மூன்று வாரம் ஆனது. படத்தில் அவை தெரிவது பதினான்கு நொடி.

இந்த அலுப்பில்தான் 2022-ல் அன்ரியல் இன்ஜின் 5 பக்கம் போனேன். விளக்கை நகர்த்தினால் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் கூடவே நகர்கிறது. முதல் நாள் முழுவதும் ஒரு விளக்கை இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டைம்லைன் வேலைக்கு சீக்வென்சர் இருக்கிறது. வலுவான கருவி. ஆனால் மாவில் விரல் வைக்கும் சுகம் இல்லை. மீண்டும் கீஃபிரேம்களோடு மல்லுக்கட்டு. விளையாடி நடிக்க வேண்டுமென்றால் அந்த விளையாட்டையே முதலில் நாம்தான் அமைக்க வேண்டும். புதியவர் யாராவது கேட்டால் இன்றும் சோர்ஸ் ஃபிலிம்மேக்கரைத்தான் முதலில் கைகாட்டுகிறேன். ஆறு மாதம் அதில் நடித்துப் பார்த்துவிட்டு அன்ரியலுக்குப் போகட்டும். காசு வாங்கிக் காட்டும் எண்ணமிருந்தால், பயன்படுத்தும் விளையாட்டின் உரிமை விதிகளை முதல் ஷாட்டுக்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

உதட்டுக்கு அன்ரியலில் வேறு வழி இருக்கிறது. ஐஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசினால் போதும்; லைவ் லிங்க் ஃபேஸ் செயலி முக அசைவை அப்படியே பாத்திரத்துக்குக் கடத்துகிறது. தமிழா ஆங்கிலமா என்று அது கேட்பதில்லை. குற்றியலுகரம் இலக்கணப்படி வந்தது. கூடவே என் நடிப்பும் வந்துவிட்டது, அதுதான் சிக்கல். பாதிப் படம் முடிந்த நிலையில், இரவல் கொடுத்த நண்பர் ஐஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். மீதிக் காட்சிகளில் நாயகன் கேமராவுக்கு முதுகைக் காட்டியபடியே பேசுகிறான்.