பழைய போனில் லீனேஜ் ஓஎஸ், மூன்று மாத அனுபவம்

2018ல் வாங்கிய போன், கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, புதுசுக்கு ஆயிரம் ரிங்கிட் செலவழிக்க மனசு வரவில்லை, அதனால் சுங்கை சிப்புட் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து லீனேஜ் ஓஎஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினேன். 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் என்ற பழைய ஆண்ட்ராய்டு மாற்றுப் பதிப்பு மூடப்பட்டபோது அதிலிருந்து கிளைத்தது இது. ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தை, அதாவது யாரும் எடுத்து மாற்றக்கூடிய நிரலை வைத்துத் தன்னார்வலர்கள் உருவாக்குகிறார்கள், காசு கிடையாது.

போன் புதுசு போல ஓடுகிறது! தேவையில்லாத செயலி ஒன்றும் இல்லை, கூகுள்கூட நாமாக ஏற்றினால்தான் வரும். செம்பனைத் தோட்டத்துக்குள் லைன் கிடைக்காது, ஆனால் எஃப்-டிராய்டு என்ற இலவசச் செயலிக் கடையில் எடுத்த ஆர்கானிக் மேப்ஸ் வரைபடம் இணையம் இல்லாமலே வழி காட்டுகிறது.

சிரமம்? வேறு இயங்குதளம் ஏற்ற, போனைத் தொடக்கி வைக்கும் பூட்லோடரின் பூட்டை முதலில் திறக்க வேண்டும், திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். படங்களைக் கணினிக்கு மாற்றிய நான் அம்மாவின் குரல் பதிவுகளை மறந்துவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் வங்கிச் செயலி. திறந்தவுடன் ‘பாதுகாப்பற்ற சாதனம்’ என்று ஒரு வரி காட்டி மூடிக்கொண்டது. பூட்லோடர் திறந்திருப்பதை கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை கவனிக்கிறது, அதை நம்பும் செயலிகள் நம்மை உள்ளே விடுவதில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நாசி லெமாக் வாங்கவே பணம் கட்ட கியூஆர் நீட்டுகிறார்கள், இது சின்ன விஷயம் இல்லை. இப்போது வங்கி வேலைக்கு மட்டும் அப்பாவின் போன்.

ஏற்றுவதற்கு முன் லீனேஜின் வழிகாட்டித் தளமான லீனேஜ் விக்கியில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று எழுத்து விடாமல் பாருங்கள், ஒரே பெயரில் இரண்டு வகை போன் வருகிறது.